காட்டெலியின் காதில் ஒளிந்திருக்கும் காய்ச்சல்

கேமரன் மலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது குளிர்க்காற்று, ஸ்ட்ராபெரி, சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்கள். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலையேறுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். ஒரு பொட்டலம் தேயிலையை வாங்கிக்கொண்டு இறங்கி விடுகிறோம்.

1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அது அடர்ந்த காடு. அந்தக் காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டு வளர்த்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டாளிகளும் உண்டு. காட்டைத் திருத்தியவர்களுக்குப் பாம்பும் அட்டையும் மட்டும் பகையாக இருக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத இன்னொன்றும் இருந்தது. மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் ஆளைச் சாய்த்த அந்தக் காய்ச்சலுக்கு ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்று பெயர். ‘ஸ்க்ரப்’ என்றால் புதர்க்காடு. தமிழ்நாட்டில் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கிறார்கள்.

இந்தக் காய்ச்சலைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும்? இதற்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்து, 1948ஆம் ஆண்டு நம் கோலாலம்பூரில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. மருந்து மலிவாகக் கிடைக்கிறது. இருந்தும் ஆசிய நாடுகளில் இந்தக் காய்ச்சலால் மனிதர்கள் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மருந்து இருந்தும் மரணம் ஏன் என்பதே இங்கே கேள்வி.

கடிப்பது யார்?

உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னாலும், மாட்டின் மேலும் நாயின் மேலும் நாம் பார்க்கும் உண்ணி வேறு, இது வேறு. இது அதைவிட மிகச் சிறிய சிற்றுண்ணி. மலாய் மொழியில் ‘துங்காவ்’ என்பார்கள். இதன் குஞ்சுப் பருவத்துப் பூச்சி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சிவப்போ ஆரஞ்சோ கலந்த ஒரு புள்ளி. வெறும் கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது.

இந்தப் பூச்சி தன் வாழ்நாளில் குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு முறைதான் விலங்கின் உடலில் ஒட்டி உணவு எடுக்கிறது. பிறகு மண்ணுக்குள் இறங்கி, சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வளர்ந்துவிடும். அந்த ஒரு சாப்பாட்டுக்கு அது பெரும்பாலும் தேடுவது காட்டெலி, வயலெலி, புதர் எலி போன்றவற்றைத்தான். பிடிபட்ட எலியின் காது மடலை உருப்பெருக்கியில் பார்த்தால், கொத்துக் கொத்தாக இந்தக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும்.

எலியின் வழியில் மனிதன் குறுக்கிட்டால் அவனையும் பற்றிக்கொள்ளும். அது இரத்தத்தை உறிஞ்சுவதில்லை. தோலில் தன் உமிழ்நீரைச் செலுத்தி, அங்குள்ள திசுவைக் கரைத்துக் குடிக்கிறது. அப்போது ‘ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி’ என்ற நுண்ணுயிர் நம் உடலுக்குள் நுழைகிறது. சுட்சுகாமுஷி என்பது ஜப்பானியச் சொல். நோயைத் தரும் பூச்சி என்று பொருள் கொள்ளலாம். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் இந்தக் கிருமி சென்றுவிடுகிறது. ஆகவே ஓரிடத்தில் நோய் வேரூன்றிவிட்டால், ஆண்டுக் கணக்கில் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடாத பெருங்காட்டைவிட, மனிதன் கைவைத்துவிட்டுப் பாதியில் விட்ட நிலமே இந்தப் பூச்சிக்குப் பிடித்தமானது. காட்டை வெட்டிப் போட்டால் லாலாங் புல் முளைக்கும். புல் வளர்ந்தால் எலி பெருகும். எலி பெருகினால் பூச்சி பெருகும். கோலாலம்பூரில் எலிகளையும் பூச்சிகளையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரால்ஃப் ஆடி என்ற விஞ்ஞானி வற்புறுத்திச் சொன்னது இதைத்தான். நன்கு கவாத்து செய்து பராமரிக்கப்படும் தேயிலை வரிசையைவிட, தோட்டம் முடிந்து புதர் தொடங்கும் ஓரம், கைவிடப்பட்ட காய்கறிப் பாத்தி, ஓடைக்கரைப் புல், லாயத்துக்குப் பின்னால் மண்டிக் கிடக்கும் செடி கொடி ஆகியவற்றையே நாம் சந்தேகிக்க வேண்டும்.

மலாயாவில் அவிழ்ந்த முடிச்சு

இந்த நோய் புதியதன்று. சீன மருத்துவர் கோ ஹோங் நான்காம் நூற்றாண்டிலேயே இதைப் போன்ற ஒரு காய்ச்சலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானின் ஆற்றங்கரை விவசாயிகளும் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். ஆனால் மலாயாவில் கண்ட காய்ச்சலும் அதுவேதானா என்பதில் நீண்ட குழப்பம் நிலவியது.

1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில், 1920களில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்கள். நோயாளியின் இரத்தத்தைப் ‘புரோட்டியஸ்’ என்ற பாக்டீரியாவோடு கலந்து பார்ப்பது அன்றைய பரிசோதனை முறை. அவர்களிடம் இரண்டு வித்துகள் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது. மற்றொன்று கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணப்பட்டது. ஆனால் கடை வீதியில் வசிப்பவர்களின் இரத்தம் வார்சா வித்தோடு சேர்ந்தது. செம்பனைத் தோட்டம் போன்ற இடங்களில் வெளிவேலை செய்பவர்களின் இரத்தமோ கிங்ஸ்பரி வித்தோடு சேர்ந்தது!

ஆக, மலாயாவில் இருந்தது ஒரு காய்ச்சல் அல்ல, இரண்டு. ஒன்று பட்டணத்து வீட்டெலியின் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. மற்றொன்று புதரிலிருந்து வருவது. கிங்ஸ்பரியின் முதல் எழுத்தான ‘கே’ இன்றளவும் ‘ஓஎக்ஸ்-கே’ என்ற பரிசோதனைப் பெயரில் நிற்கிறது. பின்னர் அதே கழகத்தில் லூத்வெய்ட்டும், இந்தியரான எஸ்.ஆர். சவூரும் 1930களில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மலாயாவின் புதர்க் காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகாமுஷியும் ஒன்றே என்று அவர்கள் நிறுவினார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து இல்லை. சிகிச்சையற்ற அந்தக் காலத்தில் சில இடங்களில் நோய் கண்ட நூறு பேரில் 30 பேர் வரை இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் போரிட்ட படைகளை இந்தக் காய்ச்சல் வாட்டி எடுத்தது. அதன் பிறகுதான் வல்லரசுகள் இதைத் தீவிரமாகத் திரும்பிப் பார்த்தன.

மண்ணிலிருந்து வந்த மருந்து

1947ஆம் ஆண்டு, தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது. பால் பர்க்கோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் முயற்சி அது. அந்த நுண்ணுயிர் சுரந்த பொருளே ‘குளோரோமைசெட்டின்’. இதன் பொதுப்பெயர் குளோராம்ஃபெனிக்கால். பார்க்-டேவிஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது.

1948 மார்ச் மாதம் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று இந்த மருந்தோடு கோலாலம்பூர் வந்து இறங்கியது. இங்கிருந்த லூத்வெய்ட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 25 நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஒருவர்கூட இறக்கவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று கொதித்துக்கொண்டிருக்கும் காய்ச்சல், மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு நாட்களிலேயே இறங்கியது.

அதோடு முடியவில்லை. புதர்க் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது! தியோடர் உட்வர்ட், ஸ்மேடல் ஆகியோர் மன்கீகர் உள்ளிட்ட மருத்துவர்களோடு சேர்ந்து அதையும் ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியிட்டார்கள். டைபாய்டுக்கு முதன்முதலாகப் பலன் தந்த மருந்தும் இப்படித் தற்செயலாகக் கோலாலம்பூரில்தான் தெரிய வந்தது. நம் நாட்டின் மருத்துவ வரலாற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய பக்கம் இது.

குளோராம்ஃபெனிக்கால் அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும் என்பது பின்னர் தெரிய வந்தது. அதனால் மருத்துவர்கள் டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகளுக்கு மாறினார்கள். அந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின், 1948இல் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அங்கே ஆய்வுத் துறையை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். அதே குடும்பத்தில் 1960களில் வந்த டாக்சிசைக்ளின்தான் இன்றுவரை இந்தக் காய்ச்சலுக்கு முதல் மருந்து. அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் 1970களில் மலேசியாவில் நடந்தன.

மருந்து இருந்தும் ஏன் மரணம்?

ஒருவர் தோட்டத்து ஓரத்தில் புல் வெட்டுகிறார், அல்லது களைப்பாறப் புல்லில் உட்காருகிறார். ஒன்றும் தெரிவதில்லை. கடித்த இடம் வலிப்பதில்லை. பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. கடையில் பனடோல் வாங்கிப் போடுகிறார். குறையவில்லை. கிளினிக்குக்குப் போகிறார். டிங்கிக் காய்ச்சலா, டைபாய்டா, எலிச்சிறுநீர்க் காய்ச்சலா, சாதாரண ஃபுளூவா? தொடக்கத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். யாரோ கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரையை மூன்று நாள் விழுங்குகிறார்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. அங்கே போய் வேலை செய்யும் மருந்துதான் பலன் தரும். தவறான மருந்தில் ஒரு வாரம் கழிந்தால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படலாம். முதல் வாரத்தில் சில மாத்திரைகளில் தீரக்கூடிய நோய், இரண்டாம் வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இது அரிதான நோய்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. பகாங் மாநிலத்து மெந்தகாப்பில் 1970களில் நடந்த ஆய்வு, கிராமப்புற மக்களுக்கு வரும் காய்ச்சல்களில் இது சர்வ சாதாரணம் என்று காட்டியது. தீபகற்ப மலேசியாவின் கிராமப்புற மருத்துவமனைகளில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 1,629 பேரைப் பற்றிய ஆய்வு 1984இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருந்தது இந்தக் காய்ச்சல்தான். மலேரியா, டைபாய்டு இரண்டையும்விட அதிகம்.

தேயிலை விளையும் மற்ற மலைகளும் இதற்கு விலக்கல்ல. இந்தியாவின் டார்ஜிலிங் மலையில் கர்சியாங் பகுதியில் 2005இலும் 2007இலும் இது கொத்தாகப் பரவியது. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இலண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில், காய்ச்சல் கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது தெரிந்தது. ஆசியாவுக்கு மட்டுமே உரியது என்று நினைத்த நோய், இப்போது தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் கண்டறியப்பட்டுள்ளது.

நோய் முற்றிய நிலையில் என்ன செய்வது என்பதற்கும் வேலூரிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. இந்தியாவில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தபோது, மரணம், தீராத காய்ச்சல், நீடிக்கும் சிக்கல் ஆகிய பாதிப்புகளில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 33 பேர். ஒரே ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களில் அது 47, 48 என்று இருந்தது. ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய வேறுபாடு இல்லை. முற்றிய பிறகு எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடியும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

உடலில் ஓர் அடையாளம்

இந்தக் காய்ச்சல் பலருக்குத் தன் முகவரியை உடலிலேயே எழுதிவிட்டுப் போகிறது. பூச்சி கடித்த இடம் சிறு கொப்புளமாகி, புண்ணாகி, பின் கறுத்துக் காய்ந்துவிடும். பார்ப்பதற்குச் சிகரெட்டால் சுட்ட வடு போல இருக்கும். வலியோ அரிப்போ அவ்வளவாக இருக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை இறுக்கும் இடம், மார்புக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கே தெரியாது. கூச்சத்தால் பலர் காட்டுவதும் இல்லை.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நான்கைந்து நாளாக விடவில்லை என்றால், குளிக்கும்போது உடலை ஒரு முறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில், கறுப்புப் புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பலருக்கு அது தோன்றுவதே இல்லை. மலாயாவில் இந்த நோயை இனம் காண்பதில் அந்த நாளில் அவ்வளவு குழப்பம் ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவருக்கு உதவக்கூடிய இன்னொரு தகவல் நம்மிடம்தான் இருக்கிறது. கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனோம், எந்தப் புதரில் இறங்கினோம், எங்கே உட்கார்ந்தோம், வீட்டருகே எலி நடமாட்டம் உண்டா என்பதே அது. மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே சொல்லலாம். கேமரன் மலைக்குப் போய் வந்த பயணி, பத்து நாள் கழித்துக் கிள்ளானிலோ பினாங்கிலோ காய்ச்சலில் படுப்பார். பட்டணத்து மருத்துவருக்குக் காடும் புதரும் எப்படி நினைவுக்கு வரும்?

தற்காத்துக்கொள்வது எப்படி?

இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒன்றுக்கு உடல் பெறும் எதிர்ப்பு மற்றொன்றுக்கு நீண்ட நாள் நிற்பதில்லை. ஆகவே ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். கடி படாமல் பார்த்துக்கொள்வதே வழி.

புதர் ஓரத்தில் வேலை செய்பவர்கள் நீளக் காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள்ளோ பூட்ஸுக்குள்ளோ செருகிக்கொள்ள வேண்டும். வெறும் புல்லில் உட்காரவோ படுக்கவோ கூடாது. ஒரு விரிப்பாவது வேண்டும். துவைத்த துணியைப் புல்லின் மேலும் செடியின் மேலும் காயப் போடாமல் கொடியில் போட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை மாற்ற வேண்டும். கடைகளில் கிடைக்கும் பூச்சி விரட்டிக் களிம்பும் உதவும். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டுவதும், எலிக்குத் தீனியாகும் குப்பையை அகற்றுவதும் எல்லாவற்றையும்விட நிலையான பாதுகாப்பு.

டாக்சிசைக்ளின் மலிவான மருந்து என்பதற்காக நாமே வாங்கி விழுங்கலாம் என்று பொருளல்ல. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்தைத்தான் மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு அளவு வேறு. இரும்புச்சத்து மாத்திரையோடும் நெஞ்செரிச்சல் மருந்தோடும் சேர்த்துச் சாப்பிட்டால் இதன் பலன் குறையும். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, சற்று நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லத்தான் மருத்துவரும் மருந்தாளரும் இருக்கிறார்கள்.

சொல்ல முடியாதவர்களுக்காக

கேமரன் மலையின் இன்றைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொழுந்து பறித்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்து, கீழே பட்டணங்களுக்கு வந்துவிட்டார்கள். இன்று அந்தச் சரிவுகளிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். மலையடிவாரக் காடுகளில் ஒராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அஞ்சுபவருக்கும், நாலு வார்த்தை மலாய் பேசத் தெரியாதவருக்கும் அந்தச் சில கிலோமீட்டர் மிக நீளமானது.

நம் பாட்டன், பாட்டி லாயத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்த காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. இன்று இருக்கிறது. தோட்ட நிர்வாகமும் கங்காணியும் சக தொழிலாளியும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், அவரைப் படுக்க வைத்து மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே அவர் சார்பாக, “இவர் புதர் ஓரத்தில் வேலை செய்தார்” என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் சரியான மருந்தைச் சரியான நாளில் எடுத்துக் கொடுக்க மருத்துவருக்கு அது போதும்.